வருமானச் சான்று என்னும் புனைகதை

தமிழில் மிக அதிகமாக எழுதப்படும் புனைகதை எது என்று கேட்டால் சிறுகதை என்பார் உண்டு, தொடர்கதை என்பாரும் உண்டு. இரண்டும் அல்ல. அது ஒரே வரியில் முடிந்துவிடுகிற கதை. 'குடும்ப ஆண்டு வருமானம்' என்று தொடங்கும், ஒரு தொகையைச் சொல்லும், கிராம நிர்வாக அலுவலரின் கையொப்பத்தோடு முற்றுப்பெறும். அது கதைதான் என்பது எழுதிக் கொடுப்பவருக்கும் தெரியும், வாங்கிச் செல்பவருக்கும் தெரியும், கோப்பில் வைத்துக்கொள்ளும் அரசுக்கும் தெரியும். ஆயினும் காவிரிப் படுகையின் ஒரு குடும்பம், தனியார் மருத்துவமனையில் இதய அறுவை சிகிச்சையைக் கடன்படாமல் செய்துகொள்ளுமா, நகையை அடகு வைத்துச் செய்துகொள்ளுமா என்பதை அந்த ஒற்றை வரியே தீர்மானிக்கிறது.

இலக்கியம் பேசுவோருக்கு மருத்துவக் காப்பீட்டில் என்ன வேலை என்று கேட்கலாம். சோழநாட்டுச் சோற்றின் பெருமையைப் பாடிய புலவர்களை நாம் படித்துக் களித்திருக்கிறோம். அந்தச் சோற்றை விளைவிப்பவரின் நோய்க்கு யார் பொறுப்பு என்று கேட்கவும் நமக்கு உரிமை உண்டு. தவிரவும், கதையைக் கதை என்றும் கணக்கைக் கணக்கு என்றும் பிரித்தறிவது வாசகனின் முதற்பயிற்சி அன்றோ?

முதலில் வரலாறு. 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் தொடங்கியபோது, நலவாரிய உறுப்பினர்களோடு, ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களும் தகுதியுடையன என்றார்கள். 2011இல் ஆட்சி மாறியது. 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் வந்தது. திட்டத்தின் பெயர் மாறிற்று. அட்டையின் படம் மாறிற்று. தனியார் நிறுவனம் போய்ப் பொதுத்துறை நிறுவனம் வந்தது. 72,000 மட்டும் மாறவில்லை. 2018இல் மத்திய அரசின் திட்டத்தோடு இணைத்துக் காப்புத்தொகையை ஆண்டுக்கு 5 லட்சம் ஆக்கினார்கள். அப்போதும் வரம்பு 72,000தான். 2022இல் திட்டம் புதுப்பிக்கப்பட்டபோதுதான் அது 1,20,000 ஆயிற்று. எதிரெதிராக நின்ற இரண்டு கட்சிகளும் பன்னிரண்டு ஆண்டுகளாக ஒன்றுபட்டுக் காத்த எண் இது.

இந்த எண்ணின் பொருளை அரசின் சொந்த அளவுகோலைக் கொண்டே அளந்து பார்ப்போம். நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் அறிவிக்கப்பட்ட கூலி 2009 தொடக்கத்தில் நாளொன்றுக்கு 80 ரூபாய். அந்த விகிதத்தில் கணவனும் மனைவியும் ஒரு நாள் ஓய்வின்றி ஆண்டு முழுவதும் உழைத்தாலும் 58,400 ரூபாய்தான் வரும், வரம்புக்குள் இருப்பார்கள். 2021-22இல் அதே கூலி 273 ரூபாய். இப்போது இருவரும் ஆளுக்கு 132 நாள் வேலை செய்தாலே 72,000ஐத் தாண்டிவிடுகிறார்கள். வரம்பு உயர்ந்த பிறகாவது விடிந்ததா என்றால், 2024-25இல் கூலி 319 ரூபாய். ஆளுக்கு 189 நாள் வேலை கிடைத்தால் 1,20,582 ரூபாய். அதாவது, அரசே நிர்ணயித்த கிராமக் கூலியில் ஆண்டில் பாதி நாளுக்குச் சற்று மேல் உழைத்துவிட்ட தம்பதியர், அதே அரசின் காப்பீட்டுக் கணக்கில் ஏழைகள் அல்லர். மீதிப் பாதி ஆண்டு வேலையின்றிக் கிடப்பதே தகுதி என்று ஆகிறது.

இதுவும் கூலியைக் கணக்கிட முடிந்தவர்களின் கதை. டெல்டாவில் வருமானம் என்பதே ஆண்டுக் கணக்கில் அடங்காத பொருள். 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது அது கூலியை நெல் அளவாகவே வரையறுத்தது. இன்று கூலி ரூபாயில்தான். ஆனால் ஆற்றில் தண்ணீர் வரும் நாளை ஒட்டியே அது வருகிறது. 2012 முதல் 2019 வரை தொடர்ந்து எட்டு ஆண்டுகள் ஜூன் 12ஆம் நாள் மேட்டூர் அணை பாசனத்துக்குத் திறக்கப்படவில்லை. குறுவை போனவன், சம்பாவில் பாதி கருகக் கண்டவன், குத்தகை நெல்லை அளந்துவிட்டு மிச்சத்தைக் கடனுக்குக் கொடுத்தவன் ஆகியோரின் ஆண்டு வருமானம் என்ன? வாய்மொழிக் குத்தகைக்கு ஆவணமே கிடையாது. திருபுவனத்துப் பட்டுத்தறியில் ஒரு சேலைக்குக் குடும்பமே உழைக்கிறது. அது யாருடைய வருமானம்? கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குபவருக்குப் பருவத்தில் சில வாரம் நல்ல காசு, பிறகு வெறுங்கை. எந்த மாதத்தைப் பன்னிரண்டால் பெருக்குவது?

2018 நவம்பர் 16ஆம் நாளை நினைத்துக்கொள்ளுங்கள். கஜா புயல் வீசிய அந்த அதிகாலையில் பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு வட்டாரங்களில் தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன. முதல் நாள் மாலை தோப்புக்காரராக இருந்தவர் மறுநாள் காலை கடன்காரராக எழுந்தார். முதல் நாள் எழுதிய சான்று எதுவாயினும் மறுநாள் அது பொய். புதிதாக நட்ட கன்று காய்க்கச் சில ஆண்டுகளாகும். நோய் அதுவரை காத்திருக்குமா?

சான்று பொய்யாக இருப்பது மட்டும் அன்று நம் குறை. அது பொய் சொல்லப் பழக்குகிறது என்பதே பெரிய குறை. வரம்பு 72,000 என்றால் ஊரில் எல்லோருடைய வருமானமும் 72,000க்குள் வந்து ஒடுங்கிவிடும். வரம்பு 1,20,000 என்றால் வருமானமும் அங்கே ஏறி நிற்கும். அரசு வைத்த வரம்பு அரசின் கோப்பிலேயே புள்ளிவிவரமாகத் திரும்பி வருகிறது. பிறகு இந்தப் புள்ளிவிவரத்தை எடுத்துவைத்து இத்தனை லட்சம் ஏழைக் குடும்பங்கள் என்று கணக்குச் சொல்கிறார்கள். கண்ணாடியில் தன் முகத்தைத் தானே பார்த்துவிட்டு மக்களைக் கண்டேன் என்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? இந்த ஏற்பாட்டில் தண்டனை பெறுகிறவர் ஒருவர் மட்டுமே. உள்ளதை உள்ளபடி சொல்கிறவர். கெஞ்சத் தெரிந்தவருக்கும் ஆள் தெரிந்தவருக்கும் அட்டை. கூச்சப்பட்டு நின்றவருக்குக் கந்துவட்டி.

சரி, வறுமை என்றால் எவ்வளவு என்று ஒருமுறையாவது முடிவு செய்திருக்கிறார்களா? 2023இல் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்குக் குடும்ப வருமான வரம்பு 2,50,000 ரூபாய். 2019இல் மத்திய அரசு கொண்டுவந்த பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கான இடஒதுக்கீட்டில் வரம்பு 8 லட்சம். ஆக, ஆண்டுக்கு 2 லட்சம் வருமானமுள்ள குடும்பம் மாதம் 1,000 ரூபாய் பெறும் அளவுக்கு வறியது. டெல்லியின் கண்ணில் மிகவும் நலிந்தது. அதே வீட்டில் சிறுநீரகம் பழுதானால் மட்டும் திடீரென்று வசதி படைத்ததாகிவிடுகிறது. ஒரே வீடு, ஒரே அடுப்பு, மூன்று வறுமை. இதைக் கொள்கை என்று சொல்ல எங்களுக்கு நா எழவில்லை.

வழி தெரியாமல் நாம் நிற்கவில்லை. வழியைத் தமிழ்நாடே காட்டியிருக்கிறது. 1997இல் நாடெங்கும் ரேஷனை ஏழைகளுக்கென்று சுருக்கியபோது தமிழ்நாடு பொது விநியோகத்தை எல்லோருக்கும் பொதுவாகவே வைத்துக்கொண்டது. டெல்டாவின் நெல் அரசின் கொள்முதல் நிலையங்கள் வழியே அரிசியாகி, ஊர் ஊராகக் கடைக்குப் போகிறது. அங்கே வருமானச் சான்றைக் கேட்பாரில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் மருந்து வீட்டுக்கே வருகிறது; வருமானம் கேட்பதில்லை. அதே ஆண்டு டிசம்பரில் வந்த இன்னுயிர் காப்போம் திட்டம் சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் காப்பீட்டு அட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும் தருகிறது. மனிதநேயம் 48 மணி நேரத்துக்குத்தான் தாக்குப்பிடிக்குமா? மூன்றாம் நாள் காலை கேள்வி மீண்டும் வந்து நிற்பது எந்த அறம்?

எல்லோருக்கும் கொடுத்தால் பணக்காரர் சுருட்டிக்கொள்வார், கருவூலம் தாங்காது என்பார்கள். ரேஷன் கடையில் பணக்காரர் முண்டியடித்து நிற்பதை யார் கண்டார்? வசதியுள்ளவர் தாமே விலகிக்கொள்வார். விலகாவிட்டாலும் கெட்டுப்போவது ஒன்றுமில்லை, தரம் குறைந்தால் உரக்கக் கேட்க அவரது குரலும் சேரும். அரசு ஊழியர்களுக்குத் தனிக் காப்பீடு இருக்கிறது. இடையில் தொங்குபவர் சிறு விவசாயி, நெசவாளி, சிறுகடைக்காரர். செலவைப் பகிர வேண்டுமென்றால் அதற்கும் முன்மாதிரி உண்டு. 2021இல் ராஜஸ்தான், இலவசத் தகுதி பெறாத குடும்பங்கள் ஆண்டுக்கு 850 ரூபாய் செலுத்திச் சேரலாம் என்று கதவைத் திறந்தது. நம்மைப் போலவே நெல்லை நம்பி வாழும் தாய்லாந்து, முன்பு ஏழைகளுக்கு மட்டும் அட்டை கொடுத்துப் பார்த்த நாடுதான். 2002இல் அந்த வடிகட்டலைக் கைவிட்டு, வேறு காப்பு இல்லாத அனைவரையும் ஒரே திட்டத்துக்குள் சேர்த்தது. 2024 அக்டோபரில் மத்திய அரசே, 70 வயது நிறைந்தோருக்கு வருமானம் பாராமல் காப்பீடு என்று அறிவித்துவிட்டது. எழுபதில் தேவைப்படாத கேள்வி நாற்பதில் மட்டும் எதற்கு?

ஆகவே எங்கள் கோரிக்கை எளிது. காப்பீட்டுக்கு வருமானச் சான்று வேண்டாம். குடும்ப அட்டையே போதும். அரிசி வாங்கும் அந்த அட்டையைக் காட்டினால் மருத்துவமும் கிடைக்கட்டும். வறுமையை அளக்க வேண்டும் என்றால் தாராளமாக அளக்கட்டும். ஆனால் சலுகைக்காகக் கை நீட்டி நிற்கும் நேரத்தில் அல்ல. எந்தப் பயனோடும் முடிச்சுப் போடாமல், நிலம், கடன், வேலை நாள், மருத்துவச் செலவு ஆகிய நான்கையும் கேட்டால் மக்கள் உண்மையைச் சொல்வார்கள். பொய் சொல்லவேண்டிய தேவை அப்போது அவர்களுக்கு இராது. கதை எழுத நாங்கள் இருக்கிறோம். அந்தப் பணியைக் கிராம நிர்வாக அலுவலரின் தலையில் இனியும் சுமத்த வேண்டாம்.