அலை அடிக்கும் இடத்தில் கன்றா?

மறுமை நாளே வந்துவிட்டாலும் கையில் கன்றிருந்தால் அதை நட்டுவிட வேண்டும் என்பது பெருமானார் (ஸல்) அவர்களின் அறிவுரை. கடற்கரையில் கண்டல் நடும் விழாக்களில் நம்மவர்கள் இதை எடுத்தோதத் தவறுவதில்லை. ஆனால், நட்ட கன்று வேர் பிடித்ததா என்று மறு ஆண்டு போய்ப் பார்த்தவர் எத்தனை பேர்?

2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கைக் கரைகளில் கண்டல் நடும் ஆர்வம் பொங்கியது. பின்னர் ஆய்வாளர்கள் 23 இடங்களுக்குச் சென்று பார்த்தனர். 1000 ஹெக்டேருக்கு மேல் நட்டதில் ஏறத்தாழ 200 ஹெக்டேரே தேறியிருந்தது. 9 இடங்களில் ஒரு செடிகூட மிஞ்சவில்லை. இதை விதியின் மேல் போடலாகாது. நீரின் ஆழத்தைப் பாராமல் நட்டார்கள். நட்டபின் திரும்பிப் பார்க்கவும் இல்லை. நிய்யத்துக்குக் கூலி உண்டு என்பர் சிலர். உண்டுதான், ஆனால், அலைக்கு நம் நிய்யத் தெரியாதே!

அரித்துக்கொண்டிருக்கும் கரைக்கு முதலில் வேண்டியது அலையின் வேகத்தைத் தணிக்கும் தடுப்பு. ஜாவாவில் முதல் முஸ்லிம் சுல்தானகம் எழுந்த டெமாக் கரையைப் பாருங்கள். அங்கே இறால், மீன் குட்டைகளுக்காகக் கண்டற்காட்டை வெட்டினார்கள். கடல் ஊருக்குள் வந்தது. 2015க்குப் பின் மூங்கில் கழிகளை ஊன்றி, இடையே சுள்ளிகளை அடைத்துக் கடலில் வேலி கட்டினார்கள். கற்சுவரில் மோதும் அலை திரும்பி வந்து அடிமண்ணைப் பறிக்கும். இந்த வேலியோ அலையை உள்ளே விட்டு அதன் வலிமையை மட்டும் வாங்கிக்கொள்ளும். பின்புறம் சேறு படிந்தது. படிந்த சேற்றில், எவரும் நடாமலே வெண்கண்டல் முளைத்தது!

மணலும் பவளமும் உள்ள கரைக்கு மூங்கில் வேலி ஆகாது. மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் பவளப்பாறைகளைப் பல்லாண்டு வெட்டியெடுத்தோம். 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குச்சல்லியும் நீருக்குள் போயின. தூத்துக்குடிக்கு எதிரேயுள்ள வான் தீவும் போக இருந்தது. 2015 முதல் துளையிட்ட கான்கிரீட் கட்டுமானங்களைச் செயற்கைப் பாறைகளாக அதன் முன்னே கடலில் இறக்கினார்கள். கரையில் மணல் சேர்ந்தது, பாறையிடுக்கில் மீனும் சேர்ந்தது. ஒரு விழாவுக்காகும் செலவில் இது முடியாதுதான். அதற்காக, முடிகிற வீண் வேலையைச் செய்வதா?

தடுப்பும் தனியே போதாது. டெமாக்கில் மூங்கிலைக் கப்பற்புழு தின்கிறது. அதைவிடக் கொடிது, ஆலைகளும் நகரமும் நிலத்தடி நீரை உறிஞ்சுவதால் தரையே தாழ்ந்துகொண்டிருப்பது. தடுப்புகளும் அதனோடு அமிழ்ந்தன. அங்குள்ள மீனவர்கள் வீட்டுத் தரையை உயர்த்தி உயர்த்தி, இன்று கூரை தலையில் இடிக்கக் குனிந்து நடமாடுகிறார்கள். கரைக்குக் கன்று கொண்டுபோகும் கூட்டத்தில், ஆலை வாசலுக்குப் போய் அந்த ஆழ்குழாய்க் கிணறுகளைப் பற்றிக் கேட்கத் துணிந்தவர் யார்?