தொம்பையும் துணிப் பெட்டியும்

சிட்லபாக்கத்தில் குப்பை வண்டி வரும் வேளையில் தெருவைக் கவனித்தால், குடும்பங்களின் மனப்போக்கு ஒருவாறு விளங்கிவிடும். சில காலமாக அதிகம் வெளியேறுபவை, துணியால் தைத்த ஸாமான் பெட்டிகள். அலமாரித் தட்டில் அடக்கமாக உட்கார்ந்து, குழந்தைகளின் சட்டை, பழைய புடவை, பொம்மை ஆகிய சகலத்தையும் வயிற்றில் வாங்கிக் கொண்டிருந்தவை அவை. செய்த குற்றந்தான் என்ன? சாயம் வெளுத்தது, ஓரத்தில் எண்ணெய்க் கறை ஏறிற்று. உள்ளே வைத்த அட்டையோ இன்னும் நிமிர்ந்தே நிற்கிறது. இவ்வூர் ஏரியில் ஒரு பகுதி நெடுங்காலம் குப்பைமேடாய்க் கிடந்ததையும், அதை மீட்க ஊரார் பல வருஷம் போராடியதையும் அறிந்தவர்கள் எறியுமுன் சற்று யோசிக்கலாம் அல்லவா?

"வர்ணம் பூசிப் புதுப்பியுங்கள்" என்றால் சிலர் நகைப்பார்கள். துணிக்கு வர்ணம் தீட்டுவது ஏதோ அந்நிய நாட்டுப் பொழுதுபோக்கு என்பது அவர்கள் எண்ணம். நமது சோழமண்டலக் கரையில் தீட்டிய துணிகளின் மோகம் தாங்காமல் பிரான்ஸ் தேசம் 1686-ல் அவற்றைத் தடை செய்தது. 1759 வரை அந்தத் தடை நீடித்தது. இங்கிலாந்துப் பார்லிமெண்டு 1700-ல் இறக்குமதியைத் தடுத்தது. அதுவும் போதாமல் 1721-ல் சாயமிட்ட பருத்தித் துணியை உடுத்துவதற்கே தடை விதித்தது. சட்டம் போட்டுத் தடுக்க வேண்டிய அழகு எவ்வளவு பெரிய அழகாய் இருந்திருக்க வேண்டும்!

அந்தக் கலை இன்னும் இறந்துவிடவில்லை. தஞ்சாவூர் வட்டாரத்தில் சிக்கல்நாயக்கன்பேட்டையிலும், கருப்பூரிலும் கோயில்களுக்கென்று துணியில் சித்திரம் எழுதுகிறார்கள். கருப்பூர்க் கலம்காரிக்கு 2021-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அவர்கள் செய்யும் பொருள்களில் ஒன்று, தேரிலும் மண்டபத்திலும் உருளை வடிவாய்த் தொங்கும் தொம்பை. இந்தச் சொல்லை நாம் பெரிதும் ரஸிக்கிறோம். நெல் சேமிக்க மூங்கிலால் முடையும் பெரிய கூட்டுக்கும் தொம்பை என்றுதான் பெயர். அந்த மூங்கில் தொம்பையின் சந்துகளைக் களிமண்ணும் சாணமும் கொண்டு பூசி அடைப்பதும், பூச்சு உதிர்ந்தால் மறுபடி மெழுகுவதும் நம் பாட்டிமார் அறிந்த காரியம். தானியக்கூடு பழசாயிற்று என்று அதை ஒருவரும் தெருவில் வைக்கவில்லை.

கலம்காரி எழுதுவோர் வர்ணத்தைத் தொடுமுன்னரே துணியைப் பக்குவம் செய்வார்கள். கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் தோய்த்து உலர்த்துவார்கள். கடுக்காயின் துவர்ப்பு, இரும்புத் துண்டும் வெல்லமும் ஊறிய சாற்றோடு சேர்ந்து கறுப்பாக மாறும். பாலின் கொழுப்பு வர்ணம் பரவாமல் காக்கும். நமது பெட்டிக்கும் ஆயத்தமே பாதி வேலை. அட்டையை உருவ முடிந்தால் உருவிவிட்டுத் துணியைச் சோப்பு நீரில் அலசிக் காயவைக்க வேண்டும். எண்ணெய்ப் பசையோ கஞ்சியோ இருக்குமிடத்தில் வர்ணம் ஒட்டாது.

அடுத்தபடியாக, துணியின் ஜாதியை அறிய வேண்டும். ஒரு சொட்டு ஜலம் விட்டுப் பாருங்கள். உடனே உறிஞ்சினால் பெரும்பாலும் பருத்தி, தாராளமாகப் பூசலாம். முத்துப் போல் உருண்டு நின்றால் அது அநேகமாக நெய்யாமல் சூட்டினால் ஒட்டவைத்த பாலிபுரோப்பிலீன் என்னும் செயற்கைத் துணி. அதில் வர்ணம் சீக்கிரம் உரிந்துவிடும். பழைய வேஷ்டித் துண்டை மேலே ஒட்டி அதன்மீது பூசுவதே புத்திசாலித்தனம். துணிக்கென்று விற்கும் அக்ரிலிக் வர்ணமே ஏற்றது. வாசற்கதவுக்கு வாங்கிய எனாமலில் மிச்சம் இருக்கிறதே என்று அதைப் பூசுவோரின் சிக்கனத்தை மெச்சுகிறோம். ஆனால் மடித்த இடமெல்லாம் பாளம் பாளமாக வெடிக்கும்போது மெச்ச மாட்டோம். பஞ்சினால் ஒற்றி ஒற்றி மெல்லியதாக இரண்டு பூச்சுக் கொடுத்தால் போதும். நன்றாய் உலர்ந்தபின் பருத்தித் துணியை உட்புறமிருந்து இஸ்திரி போடலாம். செயற்கைத் துணியின் பக்கம் இஸ்திரிப் பெட்டியைக் கொண்டு போகாதீர்கள், அது உருகிவிடும்.

பங்குனி வெயிலில் செய்தால் வேலை சுளுவு. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நமது பக்கத்துக் காற்றே நனைந்திருக்கும்; வர்ணம் பிசுபிசுவென்று நிற்கும். பூஞ்சை பூத்த பெட்டியை வெளியே கொண்டுபோய்த் துடைத்து, வெயிலில் முழுக்கக் காயவைக்காமல் தூரிகையைத் தொடலாகாது. வர்ணத்துக்குள் ஒளித்தால் பூஞ்சை அடியிலிருந்தே வளரும். நமது அட்டைகளைப் புதிதாக வெட்டி மாற்றலாம், அதற்குப் பழைய அட்டைப்பெட்டி போதும். 2015 டிசம்பரில் கண்டது போன்ற வெள்ளத்தில் சாக்கடை ஜலம் ஊறிய பெட்டியை மட்டும் காப்பாற்ற நினைக்க வேண்டாம். அதற்கு நாம் பரிந்து பேசப் போவதில்லை.

சித்திரத்துக்கு எங்கும் அலைய வேண்டியதில்லை. வீட்டுப் பெண்மணிகள் விரல்நுனியில் வைத்திருக்கும் புள்ளிக் கோலமே போதும். காவி நிறத்தின்மேல் வெள்ளைக் கோலம் எழுதினால், அந்தப் பெட்டியைக் கூடத்திலேயே வைக்கலாம்.