யாரோட கேள்விக்கு இந்த ட்ரையல்?

1/
"எங்கள வெச்சு மருந்து டெஸ்ட் பண்றாங்களா டாக்டர்?"

பம்மல், நாகல்கேணி, அனகாபுத்தூர் பக்கத்துல ஒரு வீட்டில் வாய்ப் புற்றுநோய் முற்றின ஒருத்தர் இருக்கார்னு வைங்க. பெரிய ஆஸ்பத்திரியில் 'கிளினிக்கல் ட்ரையல்'னு ஒரு பேப்பரை நீட்டினா அந்தக் குடும்பம் முதல்ல கேட்கறது இதைத்தான். கேட்கறதில் தப்பே இல்ல. ஆனா இதைவிட உங்களுக்கு உதவற கேள்வி ஒண்ணு இருக்கு. கொஞ்சம் நீளமான த்ரெட். பொறுமையா படிங்க.

2/
அந்தக் கேள்வி: "இந்த ட்ரையல் யாரோட சந்தேகத்துக்குப் பதில் தேடுது? நம்மளோடதா, மருந்து விக்கிறவங்களோடதா?"

3/
முதல்ல கணக்கு. 2022-ல் உலகம் முழுக்க புதுசா வாய்ப் புற்றுநோய் வந்தவங்க சுமார் 3,89,000 பேர். அதுல இந்தியாவில் மட்டும் சுமார் 1,43,000. மூணுல ஒரு பங்குக்கும் மேல. காரணம் உங்களுக்கே தெரியும்: புகையிலை, மாவா, குட்கா, பாக்கு, பீடி, அதோட குடி.

4/
மேலை நாடுகளில் தொண்டைப் புற்றுநோய் நிறைய பேருக்கு எச்.பி.வி. வைரஸால வருது. அது சிகிச்சைக்கு ஓரளவு நல்லா கட்டுப்படும். நம்ம ஊர்ல கன்னத்திலயும் நாக்கிலயும் வர்ற புகையிலைப் புற்று அப்படி இல்ல. அதனால அங்கே செஞ்ச ஆய்வின் முடிவு இங்கேயும் அப்படியே பொருந்தும்னு கண்ண மூடிட்டு சொல்ல முடியாது.

5/
'முற்றின நிலை'ன்னா என்ன? ஆபரேஷன் பண்ண முடியாத அளவு பரவினது, இல்ல ஆபரேஷன், கரண்ட் எல்லாம் முடிஞ்சு திரும்ப வந்தது. இங்கே நாங்க பெரும்பாலும் பேசறது முழுக் குணத்தைப் பத்தி இல்ல. இன்னும் எத்தனை மாசம், அந்த மாசங்கள்ல வலியில்லாம ஒரு வாய் கஞ்சி இறங்குமா என்பதைப் பத்தி.

6/
2016-ல் நிவோலுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்தின் ஆய்வு முடிவு வந்தது. 361 நோயாளிகள். பழைய மருந்து எடுத்தவங்களில் பாதிப் பேர் 5.1 மாசம் தாண்டினாங்க. புது மருந்தில் அது 7.5 மாசம். ஒரு வருஷம் கழிச்சு உயிரோட இருந்தவங்க 100-க்கு சுமார் 17 பேரிலிருந்து 36 ஆனாங்க. இந்த நோயில் இது பெரிய விஷயம்.

7/
சந்தோஷம். ஆனா விலை? ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை 240 மில்லிகிராம். வருஷக் கணக்குப் போட்டா பல லட்சம். முதலமைச்சர் காப்பீட்டின் உச்சவரம்பே குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம்தான். தோல் ஷெட்ல வேலை பாக்கறவர், ஷேர் ஆட்டோ ஓட்டறவர் வீட்டுக்கு இந்த மருந்து இருந்தும் இல்லாத மாதிரிதான்.

8/
மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனை டாக்டர்கள் இங்கேதான் நம்ம கேள்வியைக் கேட்டாங்க: "இவ்வளவு டோஸ் உண்மையிலேயே தேவையா?"

அவங்க கொடுத்தது மூணு வாரத்துக்கு வெறும் 20 மில்லிகிராம். ஆறு வாரக் கணக்கில் பாருங்க: வழக்கமான அளவு 720, இவங்க அளவு 40. பதினெட்டில் ஒரு பங்கு!

9/
151 நோயாளிகள். எல்லாருக்கும் மூணு மாத்திரை: மெத்தோட்ரெக்ஸேட், செலிகாக்ஸிப், எர்லோடினிப். பாதிப் பேருக்கு அதோட கூட இந்தக் குறைந்த அளவு ஊசி.

ஒரு வருஷம் கழிச்சு உயிரோட இருந்தவங்க: மாத்திரை மட்டும் 16.3%. மாத்திரையும் ஊசியும் 43.4%. கடுமையான பக்கவிளைவும் கூடல. 2022 கடைசியில் உலகின் முன்னணிப் புற்றுநோய் இதழ் ஒன்றில் இது வெளியாச்சு.

10/
கொஞ்ச மருந்து எப்படி வேலை செய்யுது? நம்ம எதிர்ப்பு அணுக்கள் மேல ஒரு பூட்டு இருக்கு. புற்றுநோய் அந்தப் பூட்டைப் போட்டுத்தான் அணுக்களைத் தூங்க வைக்குது. இந்த மருந்து அந்தப் பூட்டை அடைச்சு வேலை செய்ய விடாம பண்ணுது. பெரும்பாலான பூட்டுகளை அடைக்கச் சின்ன அளவே போதும்னு ஆரம்ப கால ஆய்வுகளிலேயே தெரிஞ்சது.

11/
அவசரப்பட வேணாம். இது ஒரே மருத்துவமனையில் நடந்த ஆய்வு. குறைந்த டோஸை முழு டோஸோட நேருக்கு நேர் வெச்சுப் பாக்கல. "முழு டோஸுக்கு இது சமம்"னு இதை வெச்சு யாரும் சொல்லக் கூடாது. "ஒண்ணுமே வாங்க முடியாதவங்களுக்கு இது கொடுத்தா பலன் இருக்கு" என்பதுதான் நிரூபணமானது. நம்ம நோயாளிகளில் பெரும்பாலானவங்க அந்த 'ஒண்ணுமே வாங்க முடியாத' வரிசையில்தான் நிக்கறாங்க.

12/
இதே குழு 2020-லயும் ஒண்ணு பண்ணாங்க. 422 நோயாளிகள். பாதிப் பேருக்கு சிஸ்பிளாட்டின் டிரிப். மீதிப் பேருக்கு வீட்டிலேயே சாப்பிடற ரெண்டு மாத்திரை: மூட்டுவாத நோயாளிகளுக்குப் பழக்கமான மெத்தோட்ரெக்ஸேட், வலிக்குக் கொடுக்கிற செலிகாக்ஸிப். டிரிப் போட்டவங்களுக்கு 6.1 மாசம். மாத்திரைக்காரங்களுக்கு 7.5 மாசம். பக்கவிளைவும் குறைவு.

13/
இந்த மாதிரி ஆய்வை எந்தக் கம்பெனி பண்ணும்? பழைய மலிவு மாத்திரையில் லாபமில்ல. டோஸைக் குறைச்சா வியாபாரம் குறையும். கம்பெனியைத் திட்டி என்ன பண்றது, அவங்க தொழில் அது. நம்ம கேள்வியை நம்ம அரசு மருத்துவமனைகள்தான் கேட்கணும்.

14/
"ஆனா டாக்டர், ஏமாத்தினதும் உண்டே?" உண்டு. மறைக்க மாட்டேன். 1999-2000-ல் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தில், அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவரின் புது ரசாயனத்தை வாய்ப் புற்றுநோயாளிகளின் கட்டியில் ஊசியா போட்டாங்க. 2001-ல் விஷயம் வெளியே வந்தது. அங்கேயே வேலை பார்த்த ஒரு டாக்டர்தான் குரல் கொடுத்தார்.

15/
அந்தப் பல்கலைக்கழகம் விசாரிச்சது. அவங்க நெறிமுறைக் குழுவின் அனுமதியே வாங்காம நடந்திருக்கு. மனிதர்கள் மேல செய்யற ஆய்வுக்கு அந்தப் பேராசிரியர் இனி தலைமை ஏற்கக் கூடாதுன்னு தடை போட்டாங்க.

மும்பையில் நடந்ததும் ட்ரையல், இதுவும் ட்ரையல். முதலாவதில் நோயாளியோட கேள்வி இருந்தது. ரெண்டாவதில் நோயாளியோட உடம்பு மட்டும்தான் இருந்தது.

16/
இப்போ சட்டம் என்ன சொல்லுது? 2009-லிருந்து ட்ரையலை ஆரம்பிக்கும் முன்னாடியே தேசியப் பதிவேட்டில் பதியணும். 2019 விதிகளின்படி, ட்ரையலால் உடம்புக்குக் கெடுதல் வந்தா இலவச சிகிச்சை, நஷ்டஈடு. ஒப்புதல் படிவம் உங்களுக்குப் புரியற மொழியில் இருக்கணும். படிக்கத் தெரியலன்னா, சம்பந்தமில்லாத ஒரு சாட்சி கூடவே இருக்கணும். எப்ப வேணாலும் விலகலாம். விலகினா வழக்கமான சிகிச்சையை நிறுத்தக் கூடாது.

17/
இன்னொரு பயம்: "வெறும் தண்ணி ஊசி போட்ருவாங்களோ?" புற்றுநோய் ட்ரையல்களில் பெரும்பாலும் ஒரு குழுவுக்கு இப்போ இருக்கிற சிகிச்சை, இன்னொரு குழுவுக்கு புதுசு. சீட்டுக் குலுக்கற மாதிரி கம்ப்யூட்டர் பிரிக்கும். புதுசு கிடைச்சவர்தான் அதிர்ஷ்டசாலின்னு நினைக்காதீங்க. கீமோ-கரண்டோட அவெலுமாப் என்ற புது மருந்தைச் சேர்த்து 697 பேரிடம் பாத்தாங்க. பலனில்லைன்னு 2020-ல் நிறுத்தினாங்க.

18/
எனக்கு ஆச்சரியம் ஒண்ணு உண்டு. ட்ரையல் பேப்பரைப் பாத்து பயப்படற அதே குடும்பம், வாட்ஸ்அப்ல வந்ததை நம்பி முள்ளு சீத்தா கஷாயம் காய்ச்சிக் குடுக்கும். அதுவும் சோதனைதாங்க. கணக்கு எழுதாத, கண்காணிக்க ஆளில்லாத, கெடுதல் வந்தா யாரும் பதில் சொல்லாத சோதனை.

19/
நம்ம மண்ணுக்கு இது புதுசும் இல்ல. பம்மல்ல இருந்து சானடோரியம் ஸ்டேஷன் எவ்வளவு தூரம்? 1928-ல் டாக்டர் சவுரிமுத்து அங்கே காசநோய்க்கு ஆஸ்பத்திரி ஆரம்பிச்சதால வந்த பேர் அது. அந்தக் காலத்தில் டிபி வந்தா மாசக்கணக்கில் சானடோரியத்துல படுக்கணும், நல்ல காத்து, நல்ல சாப்பாடு வேணும்னு உலகமே நம்புச்சு. நம்மகிட்ட அத்தனை கட்டில் ஏது?

20/
1956-ல் சென்னை சேத்துப்பட்டுல ஒரு ட்ரையல் ஆரம்பிச்சாங்க. 193 நோயாளிகள். பாதிப் பேர் சானடோரியத்துக்கு, பாதிப் பேர் வீட்டுக்கு. மாத்திரை ரெண்டு பக்கமும் ஒண்ணுதான். வீட்டில் இருந்தவங்களுக்கு இடநெருக்கடி, சத்துக் குறைவான சாப்பாடு. இருந்தும் பலன் கிட்டத்தட்ட சமம். வீட்டாருக்கு நோய் கூடுதலா தொத்தவும் இல்ல. 1959-ல் முடிவு வந்ததும் உலகம் முழுக்க டிபி சிகிச்சை வீட்டுக்கு மாறிச்சு. ஏழை ஊர் கேட்ட கேள்வி, பணக்கார நாட்டு வைத்தியத்தையும் மாத்தினது.

21/
அதனால யாராவது ட்ரையல்னு பேப்பர் நீட்டினா இதைக் கேளுங்க:
• நான் சேரலன்னா என்ன சிகிச்சை கிடைக்கும்?
• இதுல எது புதுசு? இதுக்கு முன்னாடி எத்தனை பேருக்குக் கொடுத்திருக்கீங்க?
• எந்தச் செலவு உங்களோடது, எது என்னோடது? பஸ் காசு, போன கூலி?
• பதிவு எண் என்ன?
• ராத்திரி ரெண்டு மணிக்கு ஏதாவது ஆச்சுன்னா யாருக்குப் போன்?
• மருந்து ஜெயிச்சா, ட்ரையல் முடிஞ்சப்புறமும் எனக்குக் கிடைக்குமா?

பதில் சொல்லத் தயங்கினா கையெழுத்தும் தயங்கட்டும். பேப்பரை வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்ப் படிக்க உங்களுக்கு உரிமை உண்டு.

22/
அரசுக்கு என் கோரிக்கை. ராஜீவ் காந்தி, ராயப்பேட்டை, காஞ்சிபுரம் அண்ணா புற்றுநோய் மருத்துவமனை, இவங்களோட அடையார் இன்ஸ்டிட்யூட். இவங்க ஒண்ணா சேர்ந்தா முழு டோஸா, குறைந்த டோஸா என்ற கேள்வியை இங்கேயே தீர்க்கலாம். காப்பீட்டில் மருந்துக்குக் காசு குடுக்கப் போறது அரசுதானே? அந்தக் காசில் ஒரு பங்கை ஆய்வுக்குப் போடுங்க. நோயாளிக்குப் பயணப்படி குடுங்க. படிவத்தை வக்கீல் தமிழில் எழுதாம, வீட்டில் பேசற தமிழில் எழுதுங்க.

23/
வாங்க முடியாத மருந்து, கண்டுபிடிக்காத மருந்து மாதிரிதான். நமக்குக் கைக்கெட்டற மருந்து வேணும்னா, அந்தக் கேள்வியை நாமதான் கேட்கணும். நாம கேட்காம வேற யார் கேட்பாங்க?