தைப்பூசத்துக்கு மட்டுமா மலை?

தைப்பூசத்தன்று தண்ணீர்மலையின் 513 படிகளையும் வெறுங்காலோடு ஏறுகிறோம். பால்குடம், காவடி, இடுப்பில் கைக்குழந்தை எதுவுமே நமக்குத் தடையில்லை. எழுபது வயதுப் பாட்டியும் ஏறிவிடுகிறார். பத்துமலையின் 272 படிகளிலும் ஈப்போ கல்லுமலையிலும் அதே கூட்டம்தான். அந்த ஒரு நாள் முடிந்ததும் மலைக்கும் நமக்கும் உள்ள உறவும் முடிந்துவிடுகிறது. மீதி 364 நாளும் அவை யாருடைய மலைகளோ!

நம் தமிழ்மொழிக் கழகம் ஆண்டுதோறும் பட்டிமன்றம் நடத்துகிறது, கலை இரவு நடத்துகிறது, பள்ளி மாணவர்களுக்கு நாவன்மைப் போட்டி வைக்கிறது. எல்லாம் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கும் நிகழ்ச்சிகள். இவற்றோடு ஆண்டுக்கு ஒரு முறையேனும் ஒரு நடைப்பயணம் வேண்டும் என்பதே என் கருத்து. மலையும் காடும் பழைய தோட்டப்புறமும் சேர்ந்த ஒரு பாதையில் நடக்க வேண்டும். அந்தப் பாதையில் வாழ்ந்தவர்களின் நினைவுகளைக் கேட்டுத் தமிழில் எழுதி வைக்க வேண்டும். உடற்பயிற்சிக்காகச் சொல்கிறேன் என்று எண்ண வேண்டாம். அதற்குப் பல்கலைக்கழக விளையாட்டரங்கே போதும்.

இந்த எண்ணத்துக்கு முதல் எதிர்ப்பு என் வீட்டிலேயே கிளம்பியது. என் பாட்டி செபராங் பிறையில் ஒரு ரப்பர் தோட்டத்தில் முப்பது ஆண்டு பால்மரம் சீவியவர். விடிவதற்கு முன் பிரட்டுக்குப் போய் நின்று, பிறகு நிரை நிரையாக 400, 500 மரம் சீவி, மறுபடி அதே நிரையில் திரும்பி நடந்து மங்கு மங்காகப் பால் எடுத்து, காண்டாவில் வாளிகளைத் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு நடந்தவர். நான் மலையேறப் போகிறேன் என்றதும், “நடந்து நடந்து ஓஞ்ச குடும்பம்யா இது. நீயாச்சும் உக்காந்து சாப்பிடணும்னுதானே உங்கப்பாவைப் படிக்க வச்சேன்?” என்றார்.

இதற்குச் சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. நம் சமூகத்தில் பலர் நடையை விரும்பாததற்குச் சோம்பல் காரணமில்லை. நம் முன்னோருக்கு நடை என்பது கூலி. கரும்புத் தோட்டக் காலத்திலிருந்தே அப்படித்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்குத் தமிழர்களை ஒப்பந்தக் கூலிகளாக இறக்கினார்கள். 1910இல்தான் அந்த ஒப்பந்த முறை மலாயாவில் முடிவுக்கு வந்தது. அதற்குள் கரும்பு போய் ரப்பர் வந்தது. பின்னர் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய் இப்போது தொழிற்சாலையும் அடுக்குமாடியும் நிற்கின்றன. இரண்டாவது பாலம் 2014இல் திறக்கப்பட்ட பிறகு பத்து காவானைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். பழைய தோட்டத்து மண்சாலை எங்கே இருந்தது என்று கேட்டால் விரலை நீட்டிக் காட்டக்கூட ஆள் குறைந்துவிட்டது.

ஆனால் அதே பாட்டிதான், வாய் ஓயாமல் இடம் சொல்லிக்கொண்டே போவார். பெரிய பாலத்துக் கொல்லை, ஆயக்கொட்டகை மேடு, முனியாண்டி கோயில் திருப்பம், பாம்புக் கான். எந்த வரைபடத்திலும் இல்லாத பெயர்கள் இவை. பாட்டிக்கு வயது எண்பத்தொன்று. அவரோடு இருபது பேர் இந்தப் பெயர்களை அறிந்திருந்தார்கள். இப்போது மூன்று பேர் இருக்கிறார்கள். தமிழை வளர்க்கிறோம் என்று மேடைக்கு மேடை பேசுகிற நாம், ஒரு நாட்டின் நிலத்துக்குத் தமிழர் வைத்த பெயர்கள் கண்முன்னே மறைவதை ஒரு செய்தியாகவே எடுத்துக்கொள்வதில்லை.

பிரான்சு நாட்டில் இதை வேறு விதமாகச் செய்திருக்கிறார்கள். 1947 முதல் அங்கே நெடுநடைப் பாதைகளை அமைத்து வருகிறார்கள். மரத்திலும் பாறையிலும் வெள்ளைக் கோடு ஒன்று, அதன் கீழ் சிவப்புக் கோடு ஒன்று, அதுதான் வழிகாட்டி. இன்று பல்லாயிரம் கிலோமீட்டர் பாதைகள் இப்படிக் குறியிடப்பட்டிருக்கின்றன. கோடு போடுகிறவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காத தொண்டர்கள். தெற்கே தார்ன் ஆறு சுண்ணாம்புக்கல் மேட்டுநிலத்தை அறுத்துக்கொண்டு ஓடும் பள்ளத்தாக்குகள், அவற்றின் ஓரத்துக் காடுகள், ஆட்டிடையர்களின் சிற்றூர்கள் எல்லாவற்றையும் இந்தப் பாதைகள் இணைக்கின்றன. அந்த வட்டாரம் 2011இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலிலும் சேர்ந்தது. எழுத்தாளர் ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் 1878இல் ஒரு கழுதையோடு பக்கத்துச் செவென் மலைகளில் பன்னிரண்டு நாள் நடந்தார். அப்போது அவருக்கு வயது 27. அடுத்த ஆண்டே அதைப் புத்தகமாக்கினார். அவர் போன வழி இன்று எண் 70 என்ற நடைபாதை. ஒருவர் நடந்து எழுதியதால் பெரிய ஊர் எதுவுமில்லாத ஒரு வழி பிழைத்துக்கொண்டது. நம் பாட்டிமார் முப்பது ஆண்டு நடந்த வழியை எழுத ஒருவரும் இல்லை!

சுண்ணாம்புக்கல்லைத் தேடிப் பிரான்சுக்குப் போக வேண்டியதில்லை. பிறையிலிருந்து கிழக்கே ஒன்றரை மணி நேரம் மோட்டாரில் போனால் பாலிங். ஊருக்குப் பக்கத்திலேயே குனோங் பாலிங் சுவர்போல நிமிர்ந்து நிற்கிறது. கடல் உயிர்களின் ஓடுகள் பல கோடி ஆண்டுகள் படிந்து இறுகிய கல் இது. மழைநீர் சற்றே அமிலத்தன்மை உடையது. அது கல்லின் வெடிப்புகளில் இறங்கிக் கரைத்துக் கரைத்துக் குகையாக்குகிறது. அடிவாரத்தையும் அரிப்பதால் பக்கங்கள் செங்குத்தாக உடைந்து நிற்கின்றன. போன ஆண்டு நண்பர்கள் நான்கு பேர் அங்கே ஏறினோம். கயிற்றைப் பிடித்து ஏற வேண்டிய இடங்கள் உண்டு. கல் கத்தியாக இருக்கும். கையுறை இல்லாமல் போகாதீர்கள். உச்சியில் நின்றால் கீழே ரப்பர் காடும் ஊரும் தெரிகின்றன. 1955 டிசம்பரில் துங்கு அப்துல் ரஹ்மானும் சின் பெங்கும் பேச்சுவார்த்தை நடத்திய பள்ளிக்கூடம் அந்த ஊரில்தான் இருக்கிறது. வரலாற்றுப் பாடத்தில் இரண்டு மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்த பாலிங்கை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

இந்த மலைகளை அழகு என்று மட்டும் சொல்லிவிடவும் முடியாது. 1973 அக்டோபரில் ஈப்போ குனோங் செரோவில் பாறைச்சுவர் பெயர்ந்து விழுந்து, அடியில் நீண்ட வீட்டில் குடியிருந்தவர்களில் ஏறத்தாழ 40 பேர் மாண்டார்கள். கல்லுமலைக் கோயில் இருக்கும் அதே மலைதான் அது. இன்னொரு பக்கம், சிமெண்டுக்காகச் சுண்ணாம்பு மலைகளை உடைக்கும் வேலையும் நிற்கவில்லை. ஒவ்வொரு சுண்ணாம்பு மலையும் ஒரு தீவு மாதிரி. அதில் மட்டுமே வாழும் நத்தைகள்கூட உண்டு. பேராக்கின் காந்தான் மலையில் கண்ட ஒரு நத்தை இனத்துக்கு, அங்கே கல் எடுத்துவந்த சிமெண்டு நிறுவனத்தின் பெயரையே 2014இல் அறிவியல் பெயராகச் சூட்டினார்கள். நம்மூர்க் கிண்டலுக்கு இது சற்றும் குறைந்ததில்லை.

அடுத்தது, கடாரம். இராஜேந்திர சோழன் 1025இல் கடாரம் கொண்டான் என்று சொல்லாத பட்டிமன்றம் நம்மிடம் உண்டா? பூஜாங் பள்ளத்தாக்கில் ஒரு பழைய சண்டி 2013இல் நில மேம்பாட்டு வேலையில் தரைமட்டமானது. அன்று நாமும் கொதித்தோம். ஆனால் குனோங் ஜெராய் அடிவாரத்தில் ஓடையோரமாக இருக்கும் புக்கிட் பத்து பகாட் சண்டிக்கு நேரில் போய் வந்தவர்கள் கையைத் தூக்குங்கள் என்று சென்ற பருவத்தில் ஒரு கூட்டத்தில் கேட்டேன். நாற்பது பேரில் ஐந்து கைகள்தான் எழுந்தன. பிறையில் மேகம் இல்லாத காலையில் ஜெராய் மலை வீட்டு மாடியிலிருந்தே தெரியும். ஆட்கள் அடிக்கடி வந்துபோகும் இடத்தில் புல்டோசர் ஓட்டுவதற்கு யாரும் கொஞ்சம் யோசிப்பார்கள் என்று நான் நம்புகிறேன்.

பெண் பிள்ளைகளை அனுப்ப மாட்டார்கள் என்பது இரண்டாவது எதிர்ப்பு. நம் கழகத்தில் பாதிக்கு மேல் பெண்கள்; அவர்கள் வராத நடைப்பயணம் கழகத்தின் நிகழ்ச்சியே அல்ல. தைப்பூசத்தில் விடிகாலை நான்கு மணிக்குக் கூட்டத்தில் முட்டிமோதித் தண்ணீர்மலை ஏற என் தங்கைக்கு அனுமதி உண்டு. ஞாயிறு காலை ஏழு மணிக்கு இருபது பேரோடு காட்டுப்பாதையில் நடக்க அனுமதி இல்லை. இதில் என்ன கணக்கு என்று எனக்கு விளங்கவில்லை. அம்மா அப்பாவையும் கூட்டி வரச் சொல்வோம். முன்னாள் மாணவர்களான அண்ணன்மாரும் அக்காமாரும் குடும்பத்தோடு வரலாம். தோட்டத்தை அறிந்தவர்கள் அவர்களில்தான் இருக்கிறார்கள். நமக்கு அவர்கள் வாய்தான் முக்கியம்.

ஆபத்தைப் பற்றிக் கேட்பவர்களின் பக்கம் நான் முழுமையாக இருக்கிறேன். மழை பெய்தால் சுண்ணாம்பு மலை வேண்டவே வேண்டாம். காப்புக் காடுகளில் ஏறுவதற்கு முன் வனத்துறை அனுமதி தேவையா என்று விசாரிக்க வேண்டும். கடினமான மலைக்கு வழிகாட்டி வேண்டும். தோட்டம் இன்னும் ஒருவரின் சொத்து என்றால் கேட்டுவிட்டு நுழைய வேண்டும். உச்சியில் படம் எடுத்துக்கொண்டு போத்தலை அங்கேயே எறிந்துவிட்டு வருவதாக இருந்தால் வீட்டிலேயே இருந்துவிடலாம். புக்கிட் மெர்தாஜாம் மலையில் காலையில் ஏறும் சீனப் பெரியவர்களைப் பாருங்கள். அறுபதைத் தாண்டியவர்கள், இறங்கும்போது அடுத்தவர் போட்ட குப்பையையும் பொறுக்கிக்கொண்டு வருகிறார்கள்.

முதல் நடைக்கு அந்தப் புக்கிட் மெர்தாஜாம் மலையே போதும். பட்டர்வொர்த்திலிருந்து கொமுட்டர் ரயிலில் ஊருக்குப் போய், அங்கிருந்து செரோக் தோக் குன் அடிவாரத்துக்குச் சேர்ந்துவிடலாம். அங்கே செயிண்ட் ஆன் தேவாலய வளாகத்தில் ஒரு பாறை இருக்கிறது. அதன்மேல் ஏறத்தாழ 1,500 ஆண்டுப் பழமையானதாகக் கருதப்படும் சமஸ்கிருத எழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஆய்வாளர்கள் பதிவு செய்த கல்வெட்டு. நம்மில் பலர் ஜூலைத் திருவிழாவுக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு அதைப் பார்க்காமலே திரும்பியிருக்கிறோம். அதைப் பார்த்துவிட்டு மலை ஏறலாம். என் பாட்டி மலை ஏற மாட்டார். அடிவாரத்தில் உட்கார்ந்து கதை சொல்லச் சம்மதித்திருக்கிறார். ஒலிப்பதிவுக் கருவி யாரிடமாவது இருந்தால் கொண்டு வாருங்கள், கைப்பேசி என்றால் மின்னூட்டம் நிரப்பி வாருங்கள். டுரியான் பருவமாக இருந்தால் கையில் கொஞ்சம் வெள்ளியும் இருக்கட்டும். அங்கத்திய பழம் மலிவு இல்லை.