அம்மா வாங்கிய பச்சை விளக்கு

ஜனவரி கரண்ட் பில்லைப் பார்த்துச் சாப்பாட்டு மேசையிலேயே நான் சத்தம் போட்டது பிழைதான். அடுத்த கிழமை லண்டன் வீட்டுக்கு அம்மாவின் பேரில் பார்சல் வந்தது. உள்ளே மூன்று சின்ன வெள்ளைப் பெட்டிகள். பிளக்கில் செருகினால் பச்சை விளக்கு எரியும்.

"தம்பி, இதைக் கொழுவி விட்டா பில் பாதியாக் குறையுமாம். வீடியோவில மீற்றர் வைச்சுக் காட்டினவங்கள்."

பென்ஷன் காசில் வாங்கியிருக்கிறா. நான் வாய் திறக்கவில்லை. அடுத்த பில்லும் குறைந்தே வந்தது! அம்மாவுக்குப் பெருமை. அக்கா வீட்டுக்கும் ரெண்டு ஓடர் பண்ணப் போறேன் எண்டா.

அப்போதுதான் மகளைக் கூப்பிட்டேன். ஒன்பது வயது. ஸ்மார்ட் மீற்றரின் சின்னத் திரையைப் பார்த்துக் கொப்பியில் எழுதச் சொன்னேன். பெட்டிகள் இல்லாமல் 0.24 கிலோவாட். மூன்றையும் கொழுவின பிறகும் 0.24. கேத்திலைப் போட்டதும் 3-ஐத் தாண்டியது.

"அப்பம்மா, உங்கட மெஷின் நித்திரை!"

இந்தப் பெட்டிகளுக்குள் பெரும்பாலும் இருப்பது ஒரு கப்பாசிற்றரும் பச்சை விளக்கும்தான். (கழற்றிப் பார்க்க வேண்டாம், கப்பாசிற்றரில் மின்சாரம் தேங்கி நிற்கும்.) ஃபிரிட்ஜ் போன்ற மோட்டார் உள்ள சாமான்கள், பாவிக்கிற மின்சாரத்தோடு சும்மா போய்வருகிற கொஞ்ச மின்னோட்டத்தையும் இழுக்கும். கப்பாசிற்றர் அதைக் குறைக்கும். பெரிய தொழிற்சாலைகளுக்கு அதற்கும் கட்டணம் உண்டு, அதனால் அங்கே கப்பாசிற்றருக்கு வேலை இருக்கிறது. எங்கள் வீட்டு பில்லில் பாவித்த மின்சாரத்தைக் கிலோவாட் மணியில்தான் கணக்கிடுவார்கள். வீடியோவில் அம்பியர் குறைந்தது உண்மையாகவே இருக்கலாம். நாங்கள் அம்பியருக்குக் காசு கட்டுவதில்லையே.

சூடாக்குகிற சாமான்கள்தான் காசைத் தின்னும்: கேத்தில், ட்ரையர், ஹீற்றர். உடுப்புத் தோய்க்கிற மெஷினும் தண்ணீரைச் சூடாக்கத்தான் கூடக் கரண்ட் எடுக்கும். 40-இல் போடுவதை 30-இல் போட்டால் கொஞ்சமாவது மிஞ்சும்.

அப்படியென்றால் பில் ஏன் குறைந்தது? மகள்தான் சொன்னாள்.

"அப்பம்மா இப்ப ஹீற்றர் போடுறேல்ல, அப்பா."

பின்பக்கம் கட்டின அம்மாவின் அறையில் ரேடியேட்டர் இல்லை, ஒரு எண்ணெய் ஹீற்றர்தான். பெப்ரவரிக் குளிரில் ஸ்வெட்டரும் ரெண்டு போர்வையுமாகப் படுத்திருக்கிறா.

"மெஷின் தனிய எவ்வளவைத்தான் செய்யும், தம்பி? நானும் கொஞ்சம் உதவி செய்தனான்."

அன்றிரவு ஹீற்றரைப் போட்டேன். திரையில் ஒரேயடியாக ஒன்றரைக் கிலோவாட் ஏறியது. அம்மா எட்டிப் பார்த்தா. மகள் ஓடிப்போய்த் திரைக்கு மேல் ஒரு துவாயைப் போட்டு மூடினாள்.