டிராக்டர் ஒப்படைப்பும் 42ஆம் விதியும்: விற்பனையாளர்களை முறைப்படுத்தக் கோரும் மனு

பெறுநர்: வாகனப் பதிவு, வேளாண்மைப் பொறியியல், நுகர்வோர் பாதுகாப்பு ஆகிய துறைகளின் மாவட்ட அலுவலர்கள்.

பொருள்: பதிவு செய்யாத டிராக்டர்களை விவசாயிகளிடம் ஒப்படைப்பதைத் தடுப்பது – விற்பனையாளர்களுக்கான பிற நெறிகள் – முந்தைய மூன்று கடிதங்களின் தொடர்ச்சி.

டிராக்டர் விற்பனையாளர் உற்பத்தி நிறுவனத்துக்கும் விவசாயிக்கும் நடுவில் நிற்பவர். விலை சொல்வதும் வண்டியை ஒப்படைப்பதும் அவர் வேலை. பதிவுக்கு விண்ணப்பிப்பதும் உத்தரவாதக் காலத்தில் பழுது நீக்குவதும் அவர் கடமை. விவசாயி வாழ்நாளில் ஒரு டிராக்டர் வாங்குவார், மிஞ்சினால் இரண்டு. விற்பவரோ மாதந்தோறும் விற்கிறார். எந்தத் தாள் எப்போது கைக்கு வர வேண்டும் என்பது விற்பவருக்குத் தெரிந்த அளவு வாங்குபவருக்குத் தெரிவதில்லை. குதிரைத்திறன், முன்பணம், பக்கத்துத் தோட்டத்துக்காரர் சொன்ன சொல் ஆகியவற்றை வைத்து வண்டி முடிவாகிறது. யாரிடம் வாங்குவது என்பது கடைசியில்தான் யோசிக்கப்படுகிறது. அடுத்த பத்து ஆண்டுகளின் நிம்மதியோ தொல்லையோ அந்தக் கடைசி முடிவில்தான் இருக்கிறது.

இம்மனுவைத் தருவது, திருநெல்வேலி–சங்கரன்கோவில் சாலையிலுள்ள பனவடலிசத்திரம் சுற்றுவட்டாரத்தில் மானாவாரி நிலம் உழும் டிராக்டர் உரிமையாளர்களின் சங்கம்.

இதே பொருளில் சங்கம் முன்னர் மூன்று கடிதங்கள் அனுப்பியது. அவை படிக்கப்பட்டதற்கான அறிகுறி கிடைக்காததால் அவற்றின் சாரம் இங்கே மறுபடியும் தரப்படுகிறது. முதல் கடிதம், பதிவெண் இல்லாமல் வண்டிகள் ஒப்படைக்கப்படுவதைத் தெரிவித்தது. ஆயுத பூஜைக்கு மாலை போட்டுக் கொடுக்கப்பட்ட வண்டி பொங்கல் வரை எண் இல்லாமல் ஓடியதை அது எடுத்துக்காட்டியது. விற்பனையாளரிடம் கேட்டபோது ஒரு முறை ‘ஃபைனான்ஸ் பணம் வரவில்லை’ என்றும், மறுமுறை ‘ஆன்லைன் வேலை செய்யவில்லை’ என்றும், பிறகு ‘அடுத்த வாரம் வாருங்கள்’ என்றும் பதில் வந்ததையும் அது பதிவு செய்தது. உரிய நடவடிக்கைக்காகச் சம்பந்தப்பட்ட பிரிவுக்கு அனுப்பப்பட்டுள்ளது என்று அதற்கு ஒரு வரிப் பதில் வந்தது. எந்தப் பிரிவு என்று அந்த வரியில் இல்லை. இரண்டாம் கடிதம் விதியின் எண்ணையே குறிப்பிட்டது. பாதிக்கப்பட்டவர்கள் தனித்தனியாக மனு செய்ய வேண்டும் என்றது அதற்கான பதில். மூன்றாம் கடிதத்தில் பாதிக்கப்பட்டவர்களே சேஸிஸ் எண்ணுடன் கையெழுத்திட்டார்கள். இரண்டாம் பதிலில் கேட்டது மூன்றாம் கடிதத்தில் கொடுக்கப்பட்டுவிட்டது; கோப்பு அதன் பிறகு நகரவில்லை.

முதன்மைக் கோரிக்கை

1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 42ஆம் விதி மிகச் சிறியது. வணிகச் சான்று வைத்திருப்பவர் எவரும், தற்காலிகமாகவோ நிரந்தரமாகவோ பதிவு செய்யப்படாத வாகனத்தை வாங்குபவரிடம் ஒப்படைக்கக் கூடாது என்பதே அதன் பொருள். ‘இயன்றவரை’ என்ற சொல் அதில் இல்லை. ‘நியாயமான காலத்துக்குள்’ என்பதும் இல்லை. விவசாய டிராக்டருக்கு விலக்கும் இல்லை. அதே விதிகளின் தொடக்கத்தில் விவசாய டிராக்டர் தனியே வரையறுக்கப்பட்டு, போக்குவரத்து அல்லாத வாகனமாக வகைப்படுத்தப்பட்டிருக்கிறது. அதனால் பதிவு தேவையில்லாமல் போய்விடவில்லை. ‘டிராக்டர்தானே, வயலில்தானே ஓடப் போகிறது’ என்று ஷோரூமில் சொல்லப்படும் சமாதானத்துக்குச் சட்டத்தில் இடமில்லை. மேலும் எந்த டிராக்டரும் வயலிலேயே பிறப்பதில்லை. சாலை வழியாகத்தான் வயலுக்குப் போகிறது.

டிரேடு சர்டிபிகேட் எனப்படும் அந்த வணிகச் சான்று, பதிவாகாத வண்டிகளைக் கையில் வைத்திருக்க விற்பனையாளருக்கு அரசு தரும் சலுகை. எந்தெந்தக் காரியத்துக்கு அந்தச் சான்றின்கீழ் வண்டியை ஓட்டலாம் என்று 41ஆம் விதி வரிசைப்படுத்துகிறது: சோதனை ஓட்டம், வாங்க வருபவருக்குச் செய்துகாட்டல், எடைமேடைக்கும் பதிவுக்கும் கொண்டுபோதல் போன்றவை. வாங்கியவர் வாடகைக்கு உழுவதும், மக்காச்சோள மூட்டை ஏற்றுவதும் அந்த வரிசையில் இல்லை. 39 முதல் 43 வரையிலான விதிகளை மீறுபவரின் சான்றை, அவர் தரப்பைக் கேட்ட பின் நிறுத்திவைக்கவோ ரத்து செய்யவோ பதிவு அதிகாரிக்கு 44ஆம் விதி அதிகாரம் தருகிறது. புதுச் சட்டமோ தனி அரசாணையோ தேவையில்லை. சங்கம் கேட்பது இருக்கிற ஒரு விதியை நடைமுறைப்படுத்துவதை மட்டுமே.

விற்பனையாளர்கள் சொல்லும் காரணங்களும் நிற்பதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019ஆம் ஆண்டுத் திருத்தப்படி, விற்பனையாளர் இருக்கும் மாநிலத்திலேயே பதிவாகும் புது வாகனத்துக்கு 41ஆம் பிரிவின்கீழ் விண்ணப்பிக்க வேண்டியவர் விற்பனையாளரே. தவறினால் 192-பி பிரிவின்கீழ் அவருக்குத் தண்டம் உண்டு. அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளர் விற்ற வண்டியை முதல் பதிவுக்காக அலுவலகத்தில் கொண்டுவந்து நிறுத்தத் தேவையில்லை என்கிறது திருத்தப்பட்ட 44ஆம் பிரிவு. ஆகவே ‘வண்டியைக் கொண்டு வாருங்கள், எழுதித் தருகிறோம்’ என்று உழவு நாளில் விவசாயியை அலைக்கழிப்பதில் நியாயம் இல்லை. கடன் தொகை வந்து சேராததுதான் தடை என்றால், வந்த பின் வண்டியை ஒப்படைப்பதே விதி காட்டும் வழி.

பதிவு தள்ளிப்போவதன் விலை என்ன என்பதை உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் இரண்டு சொல்கின்றன. நரீந்தர் சிங் வழக்கில் தற்காலிகப் பதிவு முடிந்த வண்டி ஒன்று விபத்தில் சிக்கியது. பதிவில்லாத வண்டியைச் சாலையில் ஓட்டுவது காப்பீட்டு நிபந்தனையின் அடிப்படை மீறல் என்று 2014இல் தீர்ப்பு வந்தது, இழப்பீடு கிடைக்கவில்லை. சுஷில் குமார் கோதாரா வழக்கில் தற்காலிகப் பதிவு காலாவதியான இரண்டு வாரத்துக்குள் வண்டி திருடுபோனது. பிரீமியம் கட்டியிருந்தும் பயனில்லை என்று 2021இல் தீர்ப்பானது. அந்த இரண்டு வண்டிகளுக்கும் ஒரு காலத்தில் தற்காலிகப் பதிவாவது இருந்தது. இவ்வட்டாரத்தில் ஒப்படைக்கப்படும் வண்டிகள் பலவற்றுக்கு அதுவும் இல்லை. சாலையில் ஏதேனும் நடந்தால் முழுப் பொறுப்பும் விவசாயியின் தலையில் விழும். தவணை மட்டும் தேதி தவறாமல் வரும். வண்டி யாரிடம் இருக்கிறதோ அவரையே சாலையில் நிறுத்திக் கேட்கிறார்கள். பதிவு செய்யாமல் கொடுத்தவரை யாரும் கேட்பதில்லை.

விவசாயிகளிடமும் தவறு உண்டு என்பதைச் சங்கம் மறைக்கவில்லை. நல்ல நாள் பார்த்து, தேங்காய் உடைத்து, அன்றே வண்டி வாசலில் நிற்க வேண்டும் என்று அவசரப்படுபவர்கள் பலர். மழை பெய்துவிட்டால் அந்த அவசரம் இன்னும் கூடும். கரிசல் காட்டில் வடகிழக்குப் பருவமழைக்குப் பின் உழவுப் பதம் சில நாட்களே நிற்கும். அதற்குள் உளுந்தும் பாசிப்பயறும் மக்காச்சோளமும் பருத்தியும் விதைத்தாக வேண்டும். மாதக் கடைசி இலக்கை எட்ட வேண்டிய விற்பனையாளருக்கு இந்த அவசரம் வசதியாகிவிடுகிறது. ஆனால் 42ஆம் விதி வாங்குபவரின் அவசரத்தைக் கேட்டு எழுதப்பட்டதன்று. தடை விற்பவர் மீதே போடப்பட்டிருக்கிறது. நல்ல விற்பனையாளர் யார் என்று கேட்டால் சங்கத்தின் முதல் பதில் இதுதான்: வாங்குபவர் வற்புறுத்தினாலும் எண் வராமல் சாவி கொடுக்காதவர்.

மீறலைக் கண்டுபிடிக்க ஊர் ஊராய் அலைய வேண்டியதில்லை. பதிவு விண்ணப்பத்துடன் வைக்கப்படும் படிவம் 21, அதாவது விற்பனைச் சான்றிதழ், வண்டி எந்த நாளில் ஒப்படைக்கப்பட்டது என்று விற்பனையாளரே கையெழுத்திட்டுத் தரும் தாள். அந்த நாளுக்கும் பதிவு நாளுக்கும் இடையே, தற்காலிகப் பதிவு ஏதுமில்லாமல் வாரக்கணக்கில் இடைவெளி இருந்தால், மீறலுக்கான சான்று அலுவலகக் கோப்பிலேயே இருக்கிறது. படிவத்தில் நாளைத் தள்ளி எழுதினாலும் டெலிவரி சலான் காட்டிக்கொடுக்கும். அதுவும் இல்லையென்றால் சர்வீஸ் புத்தகம் இருக்கிறது. முதல் சர்வீஸ் முடிந்து மணிமீட்டர் ஐம்பதைத் தாண்டிய வண்டி அதற்குப் பிறகு புது வண்டியாகப் பதிவாகிறது என்றால், அந்த மணிகள் எங்கே ஓடின என்று விற்பனையாளரைக் கேட்பது அலுவலரின் கடமை.

எனவே சங்கம் கோருவது: மாவட்டத்தில் வணிகச் சான்று பெற்ற ஒவ்வொரு டிராக்டர் விற்பனையாளரிடமும் மாதந்தோறும் ஒப்படைப்புப் பட்டியல் சேஸிஸ் எண்ணுடன் பெறப்பட வேண்டும், அது பதிவேட்டுடன் ஒப்பிடப்பட வேண்டும், இடைவெளி தெரியும் நேர்வுகளில் 44ஆம் விதியின்கீழ் விளக்கம் கேட்கப்பட வேண்டும். வணிகச் சான்றைப் புதுப்பிக்கும்போது இந்த ஒப்பீட்டின் முடிவும் பார்க்கப்பட வேண்டும். 42ஆம் விதியின் தமிழாக்கம் ஒவ்வொரு ஷோரூமிலும், விலைப் பலகையின் அருகில், படிக்கும் அளவு எழுத்தில் வைக்கப்பட வேண்டும். மூன்றாம் கடிதத்தில் கையெழுத்திட்டவர்களின் வண்டிகளிலிருந்தே இந்த ஒப்பீட்டைத் தொடங்கலாம். சேஸிஸ் எண்கள் ஏற்கனவே அலுவலகத்தில் இருக்கின்றன.

வாடகைக்கும் உழுபவர் வணிகர், ஆகவே நுகர்வோர் அல்லர் என்ற வாதம் விற்பனையாளர்கள் தரப்பில் அவ்வப்போது எழுகிறது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(7) பிரிவு, சுயதொழிலாகத் தன் பிழைப்புக்கென்றே ஒரு பொருளை வாங்கிப் பயன்படுத்துபவரை நுகர்வோராகவே கொள்கிறது. கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. நிறுவனத்துக்கு எதிராக லக்ஷ்மி என்ஜினியரிங் தொடுத்த வழக்கின் 1995ஆம் ஆண்டுத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், வாங்கிய காரைத் தானே டாக்சியாக ஓட்டிப் பிழைப்பவரை இதற்கு உதாரணமாகக் காட்டியது. டிராக்டர் ஓட்டிப் பிழைப்பவர் அதிலிருந்து எப்படி வேறுபடுவார் என்பது விளங்கவில்லை. வாங்குபவர் வசிக்கும் மாவட்ட ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம் என்பதும் அச்சட்டத்திலேயே உண்டு. ஆணையத்துக்குப் போகும் நிலை வராமல் காப்பதே அலுவலர்களிடம் எதிர்பார்க்கப்படுவது.

பிற கோரிக்கைகள்

வண்டியை முடிவு செய்யும் முன், வாங்குபவரின் சொந்தக் காட்டிலேயே ஒன்பது கலப்பையோ ரோட்டாவேட்டரோ பூட்டி உழுதுகாட்ட விற்பனையாளர்கள் அறிவுறுத்தப்பட வேண்டும். செம்மண்ணில் எளிதாக இழுக்கும் வண்டி ஈரக் கரிசலில் சக்கரம் சுழன்று நிற்கும். ஷோரூம் வாசலில் உறுமிக் காட்டுவது செய்துகாட்டல் ஆகாது. காட்டில் உழுதுகாட்ட 41ஆம் விதி இடம் தருகிறது.

மத்தியப் பிரதேசம் புத்னியில் உள்ள மத்திய வேளாண் இயந்திரப் பயிற்சி மற்றும் சோதனை நிறுவனத்தின் சோதனை அறிக்கை, கேட்பவருக்குக் காட்டப்பட வேண்டும். பி.டி.ஓ. திறன், இழுவிசை, டீசல் செலவு ஆகியவை விளம்பரத் தாளில் உள்ளபடி அல்லாமல் அந்த அறிக்கையில் உள்ளபடி சொல்லப்பட வேண்டும்.

2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டர் மீதான ஜி.எஸ்.டி. 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்தது. அடிப்படை விலை, வரி, பதிவுக் கட்டணம், காப்பீடு ஆகியவை தனித்தனியே எழுதப்பட்ட கொட்டேஷன் தரப்பட வேண்டும். ‘ஹேண்ட்லிங் சார்ஜ்’ என்ற பெயரில் ரசீது இல்லாமல் வாங்கும் தொகை நிறுத்தப்பட வேண்டும்.

வேளாண் இயந்திரமயமாக்கல் மானியத் திட்டத்தில் சிறு, குறு, ஆதிதிராவிட, பழங்குடி, பெண் விவசாயிகளுக்கு 50 விழுக்காடும் பிறருக்கு 40 விழுக்காடும் உச்சவரம்புக்கு உட்பட்டு மானியம் உண்டு. அத்திட்டத்தில் இடம்பெறும் விற்பனையாளர்களுக்கு, வட்டார அளவில் மெக்கானிக்கும் கிளட்ச் பிளேட், ஃபில்டர், ஹைட்ராலிக் சீல் போன்ற அன்றாட உதிரிபாகங்களின் இருப்பும் நிபந்தனையாக்கப்பட வேண்டும்.

குறிப்பிட்ட நிறுவனத்தில்தான் காப்பீடு எடுக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தக் கூடாது. டிரெய்லரை விற்பவர் அதற்கும் பதிவு உண்டு என்பதை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். கடன் முடிந்த 30 நாட்களுக்குள் ஆவணங்களைத் திருப்பித் தந்து அடமானப் பதிவை நீக்காவிட்டால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் ஈடு தர வேண்டும் என்று 2023 டிசம்பர் முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி உத்தரவு, கடன் ஏற்பாடு செய்யும் ஷோரூம்களில் தமிழில் ஒட்டப்பட வேண்டும்.

பெற்ற மனுவுக்கு 3 நாட்களுக்குள் ஒப்புகையும் ஒரு மாதத்துக்குள் முடிவும் தர வேண்டும் என்கிறது பணியாளர் மற்றும் நிர்வாகச் சீர்திருத்தத் துறையின் 21.09.2015 நாளிட்ட 99ஆம் எண் அரசாணை. முந்தைய மூன்று கடிதங்களின் நகல்கள் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன. முதன்மைக் கோரிக்கைக்கு மட்டுமாவது, எந்தப் பிரிவின் எந்த அலுவலர் கவனிக்கிறார் என்ற விவரத்துடன், அடுத்த உழவுப் பருவத்துக்கு முன் எழுத்தில் பதில் தருமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது.

செயலாளர்,
சங்கத்துக்காக,
பனவடலிசத்திரம்.