மட்டையும் புத்தகமும்

சென்ற ஞாயிறன்று கோவில்பட்டியிலிருந்து தந்தையார் தொலைபேசியில் அழைத்தார். பதினொன்றாம் வகுப்பில் பயிலும் என் தம்பி மாவட்ட ஹாக்கி அணிக்குத் தேர்வாகியிருக்கிறான். நல்ல செய்திதான், ஆனால் தந்தையாரின் குரலில் மகிழ்ச்சி இல்லை. "ஆற்றிலே ஒரு கால், சேற்றிலே ஒரு கால் வேண்டாம் என்று அவனுக்குச் சொல்லுப்பா. நீ சொன்னால்தான் கேட்பான்" என்றார்.

என்னிடம் ஏன் சொன்னார் என்பது எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில், மட்டையைப் பரணில் போட்டுவிட்டுப் படித்து முன்னேறியவன் நான். அந்நாளில் எங்களுக்குப் பதினொன்றாம் வகுப்பிலும் அரசுப் பொதுத்தேர்வு இருந்தது. விளையாட்டுப் பாடவேளையைக் கணக்கு ஆசிரியர் வாரந்தோறும் கடன் வாங்கினார். அந்தக் கடன் ஒருநாளும் திரும்பியதில்லை. மாலையிலோ டியூஷன். ஆட்டத்தை விட்டேன், மதிப்பெண் வந்தது, இன்று தில்லியில் முதுநிலை இயற்பியல் பயில்கிறேன். அப்பொதுத்தேர்வு 2025இல் கைவிடப்பட்டது. ஆனால் பெற்றோரின் அச்சம் கைவிடப்படவில்லை.

நண்பர்களே! ஆட்டத்தை விட்டதால்தான் நான் தேறினேன் என்று வீட்டார் நம்புகின்றனர். அது உண்மையன்று. விட்ட பிறகு அந்த மாலை நேரமெல்லாம் படிப்பில் கழிந்ததா? இல்லை. புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு மைதானத்தையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

2022ஆம் ஆண்டு மே மாதம், பதினாறு வயதுப் பிரக்ஞானந்தா இணையவழிச் சதுரங்கப் போட்டியொன்றில் நள்ளிரவு கடந்தும் ஆடி வென்று, காலையில் பதினொன்றாம் வகுப்புத் தேர்வெழுதப் பள்ளிக்குச் சென்றார். நாடே வியந்தது, நானும் கைதட்டினேன். பிறகுதான் உறைத்தது. ஒரு பிள்ளையின் வெற்றியைப் பாராட்டினோமா, அவன் உறக்கம் இழந்ததைப் பாராட்டினோமா?

பள்ளியை விட்டுவிட்டால் என்ன என்று கேட்பாரும் உளர். குகேஷ் நான்காம் வகுப்போடு முறையான பள்ளிப் படிப்பை நிறுத்தி, 2024இல் பதினெட்டு வயதில் உலகச் சதுரங்கச் சாம்பியன் ஆனார். உண்மைதான். ஆயினும், அவ்வழியே ஆயிரம் பிள்ளைகள் நடந்தால் முடி ஒருவர் தலைக்கே. மற்றவர் கதி என்ன? எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு மதிப்பெண்தான் ஏணி. எனவே தந்தையாரின் அச்சத்தை நான் பழிக்க மாட்டேன்.

அப்படியானால் வழி என்ன? பிள்ளை வளைந்து கொடுத்தது போதும். பள்ளி சற்று வளையட்டும். 2018இல் பதினைந்து வயதில் காமன்வெல்த் விளையாட்டில் துப்பாக்கி சுடுதலில் தங்கம் வென்ற அனிஷ் பன்வாலாவுக்கு, தவறிய பத்தாம் வகுப்புத் தேர்வுகளைப் பின்னர் எழுத சி.பி.எஸ்.இ. இசைந்தது. அங்கீகாரம் பெற்ற தேசிய, பன்னாட்டுப் போட்டிகளில் ஆடும் மாணவருக்கு அவ்வாரியம் இன்றும் அவ்வாய்ப்பை அளிக்கிறது. நல்லதே. ஆனால் மாவட்ட அணியில் ஆடும் பிள்ளைக்கு? மாவட்டத்தைத் தாண்டாமல் தேசியத்தை அடைந்தவர் எவர்? உச்சிக் கிளைக்கு நீர் வார்த்து, வேரைக் காயவிடலாமா?

பெரிய சட்டம் ஒன்றும் வேண்டியதில்லை. ஆட்டத்துக்காக வெளியூர் சென்ற பிள்ளைக்குச் செய்முறைத் தேர்வை ஒரு வாரம் தள்ளி வைக்கலாம். தவறிய பாடத்தைத் திரும்பச் சொல்லிக் கொடுக்கலாம். விளையாட்டுப் பாடவேளையைக் கடன் வாங்காதிருக்கலாம். இவை தலைமையாசிரியர் ஒருவர் மனம் வைத்தால் நடக்கக் கூடியவை.

நமக்கும் இதில் பங்குண்டு. ஊரைவிட்டு வந்து இங்கே பயிலும் நம் ஒவ்வொருவர் சொல்லுக்கும் வீட்டில் ஒரு மதிப்பு இருக்கிறது. "விட்டுவிடு" என்று சொல்வதற்கே அதைச் செலவிட வேண்டுமா?

தந்தையாரிடம் சொன்னேன்: "அவன் ஆடட்டும் அப்பா. தவறுகிற பாடத்தை இரவில் அரைமணி நேரம் தொலைபேசியில் நான் சொல்லித் தருகிறேன். மதிப்பெண் குறைந்தால் என்னைக் கேளுங்கள்."

சற்று நேரம் பேசாதிருந்து, "சரி, பார்ப்போம்" என்றார். திங்கள் இரவு முதல் பாடம் நடந்தது. உங்கள் வீட்டிலும் ஒரு தம்பியோ தங்கையோ மட்டையும் புத்தகமுமாக நிற்கக்கூடும். நீங்கள் என்ன சொல்லப் போகிறீர்கள்?